வலது காது தெரிய வேண்டும்

அந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. அதனால்தான் கோபம்.

மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கும் ஸ்வீட் ஸ்டாலுக்கும் நடுவே மாடிப்படி ஏறிப் போகிற சின்ன ஸ்டுடியோ. நான், என் வீட்டுக்காரர், பெண் நித்யா, பையன் கார்த்திக் — நாலு பேரும் தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி போயிருந்தோம். விசா போட்டோ எடுக்க.

விசாவா என்று புருவத்தைத் தூக்குகிறீர்களா? ஆமாம். இத்தனை நாள் இந்தப் பத்தியில் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், தம்பி குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அங்கே ஒரு மனு போட்டு வைத்தார். அதற்கப்புறம் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். புதுப்பட்டினத்துக்குக் குடி வந்தோம். மனு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனோம். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கனமாக ஒரு கவர் வருகிறது — உங்கள் முறை வந்துவிட்டது, தாள்களைத் தயார் செய்துகொண்டு குடும்பத்தோடு நேர்காணலுக்கு வாருங்கள் என்று.

முதலில் என்னை உட்கார வைத்தார் ஸ்டுடியோக்காரர். தோட்டைக் கழற்றச் சொன்னார். தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னார். போட்டோ என்றால் நேராகப் பார்க்க வேண்டாமா?

"அமெரிக்கான்னா இப்டித்தாம்மா. நேரா பாத்தா ஒத்துக்க மாட்டான். முக்கா மூஞ்சி வேணும். வலது காது முழுசா தெரியணும். தெரியலன்னா திருப்பி அனுப்சிடுவான்."

நித்யாவின் பின்னல் பக்கம் என் கண் போயிற்று. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு எடுத்தார். கார்த்திக்குக்கு எடுத்தார். அடுத்தது நித்யா.

"இன்னாம்மா இது, பாப்பாவுக்குக் காதே தெரியல. அந்தப் பின்னலத் தூக்கிக் கட்டுங்க."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நித்யாவுக்குப் பதினோரு வயது. மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது இடது காது சுத்தமாகப் போயிருந்தது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு மெஷின் துணையோடு, எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் பார்த்து, அவள் பேசுகிறாள், படிக்கிறாள், தம்பியோடு மல்லுக்கு நிற்கிறாள்.

இது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்துத் தூக்கி, ரிப்பன் வைத்துக் கட்டுவோமே... அந்த மடிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கி, கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டினால் காது முழுசாக மறைந்துவிடும். மேலே ஒரு துண்டு கனகாம்பரம். கல்யாணம், காதுகுத்து என்றால் பூ இன்னும் ஒரு முழம் கூட. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் எனக்கு இதே வேலை. "டீச்சர், எவ்ளோ அழகா பின்றீங்க" என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர்கள்கூட உண்டு. நானும் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உலகத்தில் எத்தனை நாடு இருக்கிறது? நான் ஆறு வருஷம் பாடுபட்டு மறைத்து வைத்த அந்த ஒரு காதைத்தான் பார்ப்பேன் என்று ஒரு நாடு அடம் பிடிக்க வேண்டுமா?

"மெஷினக் கழட்டிடேன். ஒரு நிமிஷ வேலைதானே" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

கழற்றினேன். பின்னலைத் தூக்கிக் கட்டினேன். வெயிலே படாமல் வெளிறிப்போன அந்தக் காதைப் பார்க்க எனக்கே புதுசாக இருந்தது.

"பாப்பா, மோவாய கொஞ்சம் தூக்கு" என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து. நித்யா அழகாகத் தலையாட்டினாள். மோவாய் இருந்த இடத்திலேயே இருந்தது. "கண்ணு, இங்க பாரு." அதற்கும் தலையாட்டினாள். கண் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தது. கேமராவுக்குப் பின்னால் இருப்பவரின் உதடு அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று தடவை ஃப்ளாஷ் அடித்த பிறகு அவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, நா சொல்றது பாப்பாவுக்குக் கேக்கல போலகீது. அத்த மாட்டிவுடுங்க. ஃபிலிமு வேஸ்ட் ஆவுது."

பரிதாபம் இல்லை, உச்சுக் கொட்டவில்லை. ஃபிலிம் வேஸ்ட் ஆகிறது, அவ்வளவுதான் அவர் கவலை. மாட்டினேன். அவர் முன்னால் வந்து நின்று ஒரு தடவை சொன்னார். நித்யா மோவாயைத் தூக்கினாள். ஒரே க்ளிக்.

கையில் இரண்டு விதமான போட்டோவோடு வீட்டுக்கு வந்தோம். ஒன்றில் மெஷின் இல்லை. முகம் எங்கேயோ பார்க்கிறது, ஆனால் ஒப்பேற்றிவிடலாம். இன்னொன்றில் காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் மெஷின், அதிலிருந்து மெல்லிசாக ஒரு குழாய். முகத்தில் "என்ன, எடுத்தாச்சா?" என்று கேட்கிற ஒரு மிடுக்கு. எது விசாத் தாளோடு போக வேண்டும்? அதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாத்தனாரிடமிருந்து ஃபோன். அமெரிக்கா போய் இருபது வருஷம் ஆனாலும் அவர் பேச்சில் அச்சரப்பாக்கம் அப்படியே இருக்கிறது.

"தோ பாரும்மா, வேண்டாத வேல எதுக்கு? மெஷின் இல்லாத போட்டோவயே வை. இன்டர்வியூ அன்னிக்கும் கழட்டிப் பையில போட்டுக்க. அவன் பாட்டுக்கு இன்னாமோ நெனச்சிகினு நாலு பேருக்கும் சேத்து இல்லன்னுட்டா? நா பன்னண்டு வருஷம் பொறுத்துகினு இருந்ததுக்கு இன்னா அர்த்தம்?"

அவர் சொல்வதிலும் பிழை இல்லை. தம்பி வருவான் வருவான் என்று அங்கே தனியாகக் காத்திருந்தவர்.

ஆனால் அப்படி ஒரு சட்டம் உண்டா? காது கேட்காத பிள்ளை இருந்தால் விசா இல்லை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. வந்த தாள்களை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். எனக்குப் புரிந்த வரையில் எங்கேயும் இல்லை. "எழுதியிருக்க மாட்டாங்க டீச்சர். மனசுல வெச்சிருப்பாங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

இங்கே அணுமின் நிலைய டவுன்ஷிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். பிள்ளையை அனுப்பிய ஒவ்வொரு வீடும் ஒரு ஆலோசனை மையம். கவர் வந்த செய்தி கசிந்ததும் வரிசையாக வந்துவிட்டார்கள். மிக்ஸி கொண்டுபோகாதே, அங்கே கரண்ட் வேறு. குக்கர் கொண்டுபோ. பிள்ளைகளுக்கு இப்போதிருந்தே காலையில் பிரெட் கொடுத்துப் பழக்கு... பழக்கினேன். நாலாவது நாள் கார்த்திக் பிரெட்டைப் பிய்த்துச் சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டான். பயிற்சியை அத்தோடு நிறுத்தினேன்.

நித்யாவைப் பற்றியும் ஆலோசனை வந்தது. முடியைக் காது மறைய வெட்டிவிடுங்கள், அங்கே அதுதான் ஸ்டைல். விமானத்தில் மெஷின் சத்தம் போடும், பெட்டியில் போட்டுவிடுங்கள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் மறைக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் மட்டும் என்ன, குருவுக்கே குருவாயிற்றே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் நேர்காணல் ஒத்திகை. இதுவும் ஒரு ஆலோசகர் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எதையும் பரிசோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். லுங்கி, பனியன், மூக்குக் கண்ணாடியோடு சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விசா அதிகாரி ஆனார். படிவத்தில் இருந்த கேள்விகளை ஆங்கிலத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார். நான் பாஸ். கார்த்திக் எல்லாவற்றுக்கும் "நோ சார்" என்று கத்தி, பாஸ்.

நித்யா வந்து உட்கார்ந்தாள். அவர் தாளைப் பார்த்துப் படித்தார். தலை குனிந்திருந்தது.

நீ எப்போதாவது போலீஸில் கைதாகியிருக்கிறாயா?

நித்யா சிரித்த முகமாகத் தலையாட்டினாள். "யெஸ் சார்."

யாருக்காவது போதை மருந்து விற்றிருக்கிறாயா?

"யெஸ் சார்."

அந்த நாட்டு அரசாங்கத்தைக் கவிழ்க்கும் எண்ணம் உனக்கு உண்டா?

இன்னும் கொஞ்சம் பெரிய சிரிப்பு. "யெஸ் சார்."

கார்த்திக் தரையில் விழுந்து உருண்டான். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அவள் முகத்தைத் திருப்பி, "ஏண்டி, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுதானே? எதுக்குத் தலையாட்டற?" என்றேன்.

அவள் குழப்பமாக என்னைப் பார்த்தாள். "நீதானம்மா சொன்ன. யாரு என்ன கேட்டாலும் சிரிச்சிட்டே தலையாட்டிடு, அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

கருங்குழியில் ஒரு கிரகப்பிரவேசம். நித்யாவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. பந்தியில் யாரோ ஏதோ கேட்க, அவள் "ஆங்?" என்றாள். திரும்பக் கேட்டார்கள். மறுபடி "ஆங்?" பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் முகம்கூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. அன்று வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் அவளை நிற்க வைத்துப் பழக்கினேன். சிரி. தலையாட்டு. அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் காலையில்தான் பின்னலையும் கீழே இறக்கினேன்.

இரண்டு பேர் சிரித்ததற்கு என் பெண்ணின் ஆறு வருஷத்தைக் கொடுத்திருக்கிறேன். வகுப்பில் எத்தனை பாடம் புரியாமல் தலையாட்டியிருப்பாள்? யார் யார் என்னென்ன சொல்லும்போது சிரித்துக்கொண்டு நின்றிருப்பாள்? இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் எத்தனை உபதேசம் செய்திருக்கிறேன் — பெண் பிள்ளைகளைத் தைரியமாக வளருங்கள், கேள்வி கேட்க விடுங்கள் என்று. நீங்கள் கடிதம் எழுதிப் பாராட்டியிருக்கிறீர்கள். அதையெல்லாம் எழுதிய கையால்தான் என் பெண்ணின் காதை மூடிப் பின்னினேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அழுது என்ன பயன்? எழுந்து போய் விசாக் கவரை எடுத்தேன். மெஷின் இருக்கிற போட்டோவை உள்ளே வைத்தேன். இல்லாத போட்டோவைக் கிழித்தேன். "அக்கா கேட்டா...?" என்று இழுத்தார் என் வீட்டுக்காரர். "நான் கிழிச்சேன்னு சொல்லுங்க."

பிறகு நித்யாவுக்குப் புதுப் பாடம். மூன்றே வரி. எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள். என் முகத்தைப் பார்த்து, மெதுவாக. தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை.

முதலில் வாயே வரவில்லை அவளுக்கு. சொல்லிவிட்டு, திட்டு விழுமோ என்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதைவிட, சொல்லிக் கொடுத்ததை மறக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது டீச்சர்களுக்குத் தெரியும்.

ஆகவே வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பின்னலை உச்சியில் தூக்கிக் கட்டி, காது பளிச்சென்று தெரிய. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் முதல் சோதனை. கூடையைப் பார்த்தபடியே அவர் ஏதோ சொல்ல, நித்யா மூன்று வரியையும் ஒப்பித்தாள். அவர் நிமிர்ந்து, காதைப் பார்த்து, அப்புறம் முகத்தைப் பார்த்தார். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அவள் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டே, "சங்... க... ரா. இன்னா, கேட்சா?" என்றார். "கேட்டுது" என்றாள் நித்யா. வியாபாரம் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரம். வெள்ளைக்காரர்களோடு பேசி ஆங்கிலம் பழகட்டும் என்று சொன்ன ஆலோசகர் வாழ்க. கடற்கரைக் கோயில் பக்கத்தில் கல் யானை விற்கிறவர்கள் ஐந்து பாஷையில் பேரம் பேசுகிற ஊர் அது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் இளநீர் குடித்துக்கொண்டு நின்றார். நித்யா போய் பெயர் கேட்டாள். அவர் ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டே என்னமோ சொன்னார். எனக்கே புரியவில்லை. நித்யா மூன்று வரியை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, குனிந்து, திரும்பச் சொன்னார். அதுவும் புரியாமல் இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னார். சலித்துக்கொள்ளவும் இல்லை, பாவம் என்று கன்னத்தைத் தடவவும் இல்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது நித்யா என்னைவிட நாலு அடி முன்னால் நடந்தாள்.

இதெல்லாம் சுலபம். அந்நியர்களிடம் தைரியமாக இருப்பதில் என்ன இருக்கிறது? மீன்காரம்மாவும் வெள்ளைக்காரம்மாவும் நம்மை நாளைக்கே மறந்துவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கம் போனோம். என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. நெல் வியாபாரம், இரண்டு லாரி. நேர்காணலுக்கு முன்னால் ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போனால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். நித்யா காய்ச்சலில் கிடந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகராமல் இருந்தவர். எங்கள் வீட்டு அரிசி இன்றைக்கும் அவர் வயலில் இருந்துதான் வருகிறது.

கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் பெரியப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரு வரிசை. எதிர் வரிசையில் நான், நித்யா, கார்த்திக். ஓரகத்தி பரிமாறினார். ரசம் வரும்போது பெரியப்பா பேச்சை எடுத்தார்.

"நா ஒண்ணு சொல்றேன், கேளு. பொண்ண இங்க வுட்டுட்டுப் போ. எங்க வூட்டுல அதுவும் ஒரு ஆளா இருந்துட்டுப் போவட்டும். மொதல்ல நீங்க மூணு பேரும் போய்ச் சேருங்க. அப்பால பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் ரசம் சாதத்தைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அவரைத் தெரியும். பிடிக்காததை உடனே மறுத்துவிடுகிற மனுஷர். இப்போது மறுக்கவில்லை. இந்த யோசனை அவர் மனசுக்குள்ளும் எங்கேயோ ஒரு மூலையில் வந்துபோயிருக்கிறது என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. என் பெண்ணை விட்டுவிட்டு விமானம் ஏறும்படி ஆகிவிடுமோ என்று, கவர் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நிஜமாகவே பயந்தேன்.

பெரியப்பா குரலைத் தாழ்த்தித் தம்பி பக்கம் சாய்ந்தார். "செவிட்டுப் பொண்ணுப்பா. அதால உங்க மூணு பேரு பொழப்பும் பூடும். அங்க போனா மட்டும் அதுக்கு இன்னா கீது?"

எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவளுக்குத்தான் கேட்காதே. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். ஆறு வருஷமாக வழக்கம் அதுதான்.

"பெரியப்பா" என்றாள் நித்யா.

கூடத்தில் எல்லோரும் திரும்பினோம்.

"எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்து, மெதுவா."

ஓரகத்தி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றார். பெரியப்பா இலையைப் பார்த்தார். "ஒண்ணுமில்லடா கண்ணு. சாப்புடு."

"ஒண்ணுமில்லன்னா சின்னதாத்தானே இருக்கும்? சொல்லுங்க."

மரியாதையாகத்தான் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. மீன்காரம்மாவிடம் கேட்ட அதே மாதிரி, அதே மூன்று வரி. பெரியப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார், வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். பதினோரு நாள் வராந்தாவில் கிடந்த மனுஷர். அந்த வார்த்தையை அவள் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், நிஜமாகவே தெரியவில்லையா என்று. "செவிட்டுன்னு சொன்னது தெரிஞ்சுது. மீதிதான் தெரியல" என்றாள். அந்தச் சொல்லை அவள் எந்த உதட்டிலிருந்தும் படித்துவிடுவாள். படிக்க எத்தனை சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறோம்.

கூடத்துக்கு வருகிறேன். அப்போது என் வீட்டுக்காரர் பிசைவதை நிறுத்தினார். கையை இலையிலேயே உதறிவிட்டு, நிமிர்ந்து, முழுசாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"பெரியப்பா உன்ன இங்கியே வுட்டுட்டுப் போவச் சொன்னாரு. அப்பா முடியாதுன்னு சொல்லிட்டேன். போனா நாலு பேரும் போறோம். இல்லன்னா நாலு பேரும் இங்கியே இருக்கறோம்."

எப்போது சொன்னார்? அதுவரைக்கும் சொல்லவே இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்ன அந்த நொடியில், அண்ணனுக்கும் சொன்னதாயிற்று, எனக்கும் சொன்னதாயிற்று, தனக்கே சொல்லிக்கொண்டதும் ஆயிற்று.

நித்யா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "இப்பக் கேட்டுது" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவிடம் இன்னொரு அப்பளம் கேட்டாள்.

பெரியப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார், பேசாமல். கோபமா, வருத்தமா தெரியவில்லை. ஃபோன் செய்து நாத்தனாரிடமும் முறையிட்டிருக்கிறார் போலிருக்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அமெரிக்காவிலிருந்து எனக்குத் திட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன். அவர்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, நன்றி இருக்கிறது. பெண்ணை மறைக்கிற வேலைக்கு மட்டும் இனிமேல் நான் ஆள் இல்லை. ஆறு வருஷம் பார்த்தாகிவிட்டது.

இந்தப் பத்தியை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறோம், ஊசி போடுகிறோம், பிரெட் தின்னப் பழக்குகிறோம். ஊர்விட்டு ஊர் போக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம். யார் முன்னால் கூனிக் குறுக வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிறோம். அது ஒன்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனால் என்ன? எடையாவது குறையுமே.

வருகிற வியாழக்கிழமை நேர்காணல். விசா கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கிடைத்தால் நாலு பேர். கிடைக்காவிட்டால் அதே நாலு பேர், அதே புதுப்பட்டினம், அதே மீன்காரம்மா. அதற்காக ஒரு நாள்கூட அழப்போவதில்லை. தாளெல்லாம் தயார். நித்யா உச்சியில் தூக்கிக் கட்டிய பின்னலோடுதான் வருவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் வேகமாகப் பேசினால், அல்லது தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் என்ன செய்வாள் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

வல்லரசாகவே இருக்கட்டுமே... இன்னொரு தடவை சொல்லட்டும். மெதுவாக. அவள் முகத்தைப் பார்த்து.